செல்லையாவின் ஜீப்பில் வந்த சிவந்த சீரம்

நான் வேலை பார்த்த மலை ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறதாம். நஞ்சுக்கொடியிலிருந்து கர்ப்பிணியின் ரத்தத்துக்குள் வருகிற இரண்டு புரதங்களை அது அளக்கும். ஒன்று ரத்தக் குழாய்களை வளரச் சொல்கிற புரதம், மற்றொன்று அதன் வாயைப் பொத்துகிற புரதம். இரண்டில் எதன் கை ஓங்கியிருக்கிறது என்று பார்த்து, இந்தப் பெண்ணுக்கு பிரீ-எக்லாம்ப்சியா நெருங்குகிறதா என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடுமாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கி, விட்டுவைத்தால் வலிப்பில் கொண்டுபோய் நிறுத்துகிற நோய் அது.

அங்கே இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் அந்த இயந்திரத்தைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்று படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு கேள்வி: "சார், இதெல்லாம் இல்லாத காலத்துல எப்படி சமாளிச்சீங்க? கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்."

இல்லாத காலமாம். நான் என்னவோ கல்லாயுதத்தோடு லேபுக்குள் அலைந்த மாதிரி! நான் ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை, பிள்ளைகளே. என் தலைமுடிதான் எனக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டது. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். பேசச் சொன்னால் நிறுத்தத் தெரியாதவன், எழுதச் சொன்னால் மட்டும் என்ன செய்துவிடுவேன்?

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிழக்குப் பாலக்காட்டில் நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். எங்கள் மாடுகள் யாருக்கும் பயப்படாது, நான் எல்லா மாட்டுக்கும் பயப்படுவேன். இவன் பண்ணையத்துக்கு ஆகமாட்டான் என்று முடிவு கட்டி, அப்பா என்னை லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்த்துவிட்டார். அங்கே முதலில் கற்றுத் தந்தது சிறுநீரைக் காய்ச்சுவது. கண்ணாடிக் குழாயின் மேல் பாதியை மட்டும் சுடரில் காட்ட வேண்டும். புரதம் இருந்தால் அந்தப் பாதி முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுத்து நிற்கும். ஒரு சொட்டு அமிலம் விட்ட பிறகும் வெண்மை கலையாவிட்டால் புரதம் உறுதி. பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஊரில் கேட்டவர்களிடம் அம்மா, "சமையல் மாதிரி என்னமோ பண்றானுங்க" என்று சொல்லிவைத்திருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வரவிருந்த இரண்டு வரன்கள் ஓடிப்போயின.

பிறகு மலைக்கு வந்தேன். ஏலப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த அந்த ஆஸ்பத்திரியில் என் தலைக்கு மேல் இருந்தவர் டாக்டர் விசாலம். நோயியல் மருத்துவர். பாலக்காட்டுக் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவர், அந்தத் தெருவின் தமிழை மலைக்கும் அப்படியே கொண்டுவந்திருந்தார். நான் பேசுவது கொங்கு, லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்து வருகிறவர்கள் பேசுவது திருநெல்வேலி. மூன்று தமிழும் முட்டிக்கொள்ளும்போது இடையில் மலையாளம் வந்து சமாதானம் செய்துவைக்கும்.

டாக்டர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உயரமான முக்காலியில் ஏறி உட்கார்ந்து, ஆறிப்போன, பால் ஊற்றாத கட்டன் சாயாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்தால், கூடத்தில் கொசுகூட யோசித்துத்தான் பறக்கும். நான் தயாரித்துக் கொடுத்த கண்ணாடித் தகடு நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். மோசமாக இருந்தால், "பேஷா இருக்கு, பழனிச்சாமி" என்பார். ஆரம்ப காலத்தில் நான் தினமும் பாராட்டு வாங்கியதாக நினைத்து வீட்டுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

இனி செல்லையா. மலையில் தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி உண்டு. அங்கே எடுக்கும் ரத்தமெல்லாம் எங்கள் கூடத்துக்கு வர வேண்டும். கொண்டுவருவது செல்லையாவின் ஜீப். தோட்டத்துச் சாலையைச் சாலை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். அதில் குலுங்கி வருகிற ரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். குழாயைச் சுழல் இயந்திரத்தில் போட்டு எடுத்தால் அணுக்கள் அடியில் தங்கி, மேலே சீரம் தெளிந்து நிற்கும். நல்ல சீரம் வைக்கோல் நிறம். அணு உடைந்திருந்தால் மாதுளஞ்சாறு நிறம். அதில் ஈரல் பரிசோதனை செய்தால் இல்லாத நோயையும் இருக்கிறதென்று காட்டும். அதனால் அதைத் திருப்பி அனுப்பி, புது ரத்தம் கேட்போம்.

இதற்கு ஒரு பெயர் வைத்தவன் அடியேன்தான். ஜீப் நோய். வைத்தியப் புத்தகங்களில் இல்லாத நோயைக் கண்டுபிடித்த பெருமை எனக்கு இன்றும் உண்டு. பெயர் டிஸ்பென்சரிகளுக்குப் பரவியது, அங்கிருந்து லயங்களுக்குப் போனது. செல்லையா மட்டும் அதைக் கேட்டாலே கொதித்துப்போவார். "அண்ணாச்சி, நான் புள்ளத்தாச்சிய ஏத்துன மாதிரி ஓட்டுதேன். ரோட்டக் குறை சொல்லுங்க, எஸ்டேட்டச் சொல்லுங்க, என் வண்டியச் சொல்லாதீய" என்பார்.

டாக்டர் அந்தப் பெயருக்குச் சிரித்ததில்லை. அவரிடம் வேறொரு பழக்கம் இருந்தது. சிவந்த சீரம் எது வந்தாலும் கேட்பார்: "இதுக்கு பைஸ்டாண்டர் யாராக்கும்?" கேரளத்து ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக நிற்பவரை அப்படித்தான் சொல்வோம். அதே பெட்டியில், அதே ஜீப்பில் கூட வந்த வேறொருவரின் ரத்தம் இருக்கும் குழாயைத்தான் டாக்டர் அப்படிக் கேட்பார். அதுவும் சிவந்திருந்தால் பழி ஜீப்புக்கு. அது தெளிவாக இருந்தால் வேறு கதை. பல வருடம் அந்த வேறு கதை வரவேயில்லை. கூட வந்ததும் சிவந்தே இருக்கும், நான் செல்லையாவைப் பார்த்துக் கண்ணடிப்பேன், அவர் பல்லைக் கடிப்பார்.

அது வந்த நாளன்று காலை பெட்டியில் இரண்டு பேருடைய ரத்தம்தான் வந்திருந்தது. ஒன்று மாரீஸ்வரி என்ற பெண்ணுடையது. தேயிலை பறிக்கிறவள், முதல் கர்ப்பம், எட்டாம் மாதம் கடந்திருந்தது. நெஞ்சுக்குழியில் வலி, வாயுதான் என்று வீட்டில் சுக்குக் கஷாயம் கொடுத்தும் கேட்காமல் டிஸ்பென்சரிக்கு வந்திருக்கிறாள். அழுத்தம் கொஞ்சம் கூடுதல், சிறுநீரில் புரதமும் தெரிந்தது. சிஸ்டர் உடனே ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வரும்வரை இங்கேயே இரு என்று சொன்னார். அன்றைக்கு அவளுக்கு வளைகாப்பு. நல்ல நேரம் போகிறது என்று வீட்டார் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மற்றொரு ரத்தம் செல்லையாவுடையது. அவருக்குச் சர்க்கரை உண்டு. அதே சிஸ்டர், அதே நேரத்தில் அவருக்கும் எடுத்திருந்தார்.

சுழற்றி எடுத்தேன். மாரீஸ்வரியின் சீரம் மாதுளஞ்சாறு.

"செல்லையா, உங்க வண்டி கைவரிசையக் காட்டிருச்சுங்க" என்றேன்.

"போங்க அண்ணாச்சி. இன்னைக்குப் பூப்போல வந்தேன். என் ரத்தமும் அதே பெட்டியிலதான வந்துச்சு? அதப் பாருங்க."

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "பைஸ்டாண்டரை எடுங்கோ" என்றார்.

எடுத்தேன். செல்லையாவின் சீரத்தில் துளிச் சிவப்பு இல்லை. ஆனால் அது வைக்கோல் நிறத்திலும் இல்லை. பசும்பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. வெறும் வயிற்றில் கொடுத்த ரத்தம் அப்படி இருக்காது.

"காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"பச்சத் தண்ணி."

"பச்சத் தண்ணியில கொழுப்பு மெதக்குதுங்க."

செல்லையா ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பனி மூடியிருப்பதைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். "ரெண்டு பொரோட்டா" என்றார் மெதுவாக. "முட்டை ரோஸ்ட்டும்."

நான் சிரிப்பதற்கு வாயைத் திறந்தேன். டாக்டர் முக்காலியிலிருந்து இறங்கிவிட்டிருந்தார். இரண்டு குழாயையும் விளக்குக்கு எதிரே பிடித்தார். "ஒரே சிஸ்டர், ஒரே ரோடு. இது வண்டியில உடையலை. அந்தப் பொண்ணுக்கு உள்ளேயே உடையறது. மத்த குழாயைக் கொண்டாங்கோ."

மற்றது மாரீஸ்வரியிடம் உறையாதபடி எடுத்த ரத்தம், அணுக்களை எண்ணுவதற்கானது. முதலில் ஒரு மெல்லிய குச்சியை விட்டு உறைகட்டி இருக்கிறதா என்று துழாவினேன். கட்டி இருந்தால் பிளேட்லெட் பொய்யாகக் குறைந்து காட்டும். கட்டி இல்லை. ஒரு சொட்டைத் தகட்டில் இழுத்து, காயவைத்து, சாயம் ஏற்றிக் கொடுத்தேன். டாக்டர் வெகு நேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். ரத்தம் உறைவதற்கு வேண்டிய பிளேட்லெட்டுகள் அங்கொன்று இங்கொன்றாக. சிவப்பணுக்கள் வட்டமாக இல்லை, யாரோ கடித்துவைத்த அப்பளம் போலக் கிழிந்து கிடந்தன. குலுக்கலில் உடைகிற அணு இப்படி இருக்காது. சின்ன ரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதாகி, அதில் உரசி உரசிக் கிழிந்தவை இவை. பிரீ-எக்லாம்ப்சியா முற்றி, ரத்தமும் ஈரலும் சேர்ந்து கெடுகிற நிலை. நெஞ்சுக்குழியில் வலித்தது வாயு இல்லை. ஈரல்.

டாக்டர் தகட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதாவது நன்றாக வந்திருந்தது. அதற்குச் சந்தோஷப்பட நேரம் இல்லை.

டிஸ்பென்சரிக்குப் போன் செய்தோம். வளைகாப்பு முடிந்த கையோடு மாரீஸ்வரியை அம்மா வீட்டுக்கு, சங்கரன்கோவில் பக்கம், அழைத்துப் போகிறார்கள் என்றார் சிஸ்டர். வேன் வந்து நிற்கிறதாம். லயத்தில் செல்போனுக்கு ரேஞ்ச் கிடையாது. எங்கள் ஆம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு மலை இறங்கியிருந்தது. வேன் மலை இறங்கிவிட்டால், வலிப்போ ரத்தப் பெருக்கோ எந்த வளைவில் வந்தாலும் அவளும் குழந்தையும் பிழைப்பது கடினம்.

"நீங்க போங்கோ, பழனிச்சாமி. நான் ஈரல் பரிசோதனையைப் பண்ணி, பிரசவ டாக்டரைத் தயாரா நிறுத்தறேன். அவாளைப் பயமுறுத்தவும் வேண்டாம், பொய்யும் சொல்லப்டாது." எனக்குத் தெரிந்த இரண்டு வழியையும் அடைத்துவிட்டு, தனக்கு வேண்டிய அளவு சீரத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு குழாயையும் என் கையில் கொடுத்தார்.

செல்லையாவின் ஜீப்பில் லயத்துக்குப் போனபோது வேனில் சீர்த்தட்டுகள் ஏறிக்கொண்டிருந்தன. மாரீஸ்வரி நாற்காலியில், கன்னமெல்லாம் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். முகமே உப்பியிருந்தது. கையில் வளையல் ஏறாமல் சோப்பு போட்டு ஏற்றியிருந்தார்கள், மணிக்கட்டில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"அம்மிணி, தலை வலிக்குதுங்களா?"

"ஆமாண்ணே. கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது."

அவளுடைய அம்மா வள்ளியம்மாள் நடுவில் வந்தார். "நீங்க யாரு? என்ன விஷயமா வந்திருக்கீய?"

லேபிலிருந்து வருகிறேன், ரத்தம் சரியில்லை, இப்போதே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றேன்.

"எங்க ஊருல பெரிய டாக்டர் இருக்காரு. அங்க காட்டிக்கிடுதோம். ரத்தத்துல என்ன?"

குழாயைக் காட்டினேன். "இந்தத் தண்ணி மஞ்சளா இருக்கோணுங்க. செவந்து போச்சு."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் சிரித்தாள். செல்லையாவின் மனைவி பொன்னுத்தாய். அதே லயம்தான் அவர்களுக்கும். "எம்மா, பயப்படாதீங்க. இது ஜீப் நோயி. எங்க வீட்டுக்காரரு ஓட்டுற ஓட்டுல எல்லாரு ரத்தமும் அப்படித்தான் ஆவும். லேப் அண்ணாச்சிதான் பேரே வச்சாரு. இல்லியா அண்ணாச்சி?"

நாலைந்து பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் விட்ட நகைச்சுவை மலை முழுக்கச் சுற்றிவிட்டு, சரியான நேரத்தில் என் எதிரே வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. வேன் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

செல்லையா என் கையிலிருந்து மற்றக் குழாயைப் பிடுங்கினார்.

"இந்தா பாருங்க ஆத்தா. இது என் ரத்தம். அதே சிஸ்டர் எடுத்தது. உங்க மக ரத்தத்தோட ஒட்டி உக்காந்து, அதே பெட்டியில வந்தது. ஜீப் நோயின்னா இதும்லா செவக்கணும்? செவந்திருக்கா?"

வள்ளியம்மாள் குனிந்து பார்த்தார். "இது என்ன, வெள்ளையா இருக்கு?"

செல்லையா பொன்னுத்தாயை ஒரு கணம் பார்த்தார். பிறகு தைரியமாகச் சொன்னார். "பொரோட்டா."

"என்னது?" என்றாள் பொன்னுத்தாய்.

"ரெண்டு பொரோட்டா. முட்டை ரோஸ்ட்டு."

"வெறும் வயித்தோட போறேன்னு சத்தியம் பண்ணிட்டுல்லா போனீரு! கேப்பக் கூழ ஊத்திக் குடுத்தா மூஞ்சியத் திருப்புவீரு! சர்க்கரைய வச்சுக்கிட்டு பொரோட்டா கேக்குதோ உமக்கு?"

லயம் முழுக்கச் சிரித்தது. மாரீஸ்வரிகூட வலியோடு சிரித்தாள். வள்ளியம்மாள் சிரிக்கவில்லை. என்னிடமிருந்து மகளின் குழாயை வாங்கி, செல்லையாவின் குழாயோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு ரத்தத்துல தின்ன பொரோட்டாவே தெரியுது" என்றார். "அப்ப எம்மவ ரத்தத்துல தெரியுறதும் நெசந்தான?"

"நெசந்தானுங்க."

"ஏட்டி மாரி, எந்திரி. ஏ தம்பி, தட்டையெல்லாம் இறக்கு. வேனு ஆஸ்பத்திரிக்குப் போவுது."

குலுக்கல் குறைவென்று அவளை வேனிலேயே சாய்த்துப் படுக்கவைத்தோம். செல்லையா முன்னால் போய் எதிரே வந்த லாரிகளையெல்லாம் ஒதுக்கிக்கொடுத்தார். அவ்வளவு மெதுவாக அவர் ஓட்டி அன்றுதான் பார்த்தேன். அல்லது பொன்னுத்தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது காரணமாக இருக்கலாம்.

வாசலிலேயே பிரசவ டாக்டர் நின்றார். புதிதாக எடுத்த ரத்தத்திலும் ஈரல் பரிசோதனை எல்லாம் எகிறியிருந்தது. வலிப்பு வராமலிருக்க ஊசி, அழுத்தத்தை இறக்க மருந்து, தயாராக இரண்டு பை ரத்தம். பொழுது சாய்வதற்குள் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கைக்குள் அடங்குகிற அளவு, ஆனால் அழுத அழுகை லேப் வரை கேட்டது.

நஞ்சுக்கொடி என்னிடம் வந்தது. இதில் அவசரம் கூடாது என்று டாக்டர் பழக்கியிருந்தார். சவ்வையும் தொப்புள்கொடியையும் நறுக்கி ஒதுக்கி, ஒட்டிய ரத்தத்தைத் துடைத்த பிறகே எடை. எட்டு மாதம் கடந்ததற்கு அது மிகவும் சிறியது. பிறகு விரல்கடை அகலத்துக்கு ரொட்டி போல வில்லை வில்லையாக அறுத்தேன். நல்ல நஞ்சுக்கொடி உள்ளே கருஞ்சிவப்பாக, பஞ்சுபோல இருக்கும். இதில் நடு நடுவே வெளிறிய திட்டுகள், தொட்டால் கல்போல. ரத்தம் வராமல் செத்துப்போன இடங்கள். துண்டுகளை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயமேற்றி டாக்டரிடம் கொடுத்தேன். தாயின் ரத்தக் குழாய்கள் சுருங்கியே இருந்தன, சுவரில் கொழுப்பு நுரை கட்டியிருந்தது.

எங்கள் வயல் வாய்க்காலின் கடைமடையில் இருந்ததால் எனக்கு இது சுலபமாகப் புரியும். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாயின் குழாய்கள் வாய்க்கால் போல அகன்று கொடுக்க வேண்டும். அகலாவிட்டால் நஞ்சுக்கொடி கடைமடை வயல்தான். தண்ணீர் வராத கடைமடைக்காரர் சும்மா இருப்பாரா? என் அப்பா ஊரையே இரண்டாக்கிவிடுவார். நஞ்சுக்கொடியும் அதைத்தான் செய்கிறது. கண்ட புரதங்களையும் தாயின் ரத்தத்தில் இறக்கிவிட, உடம்பு முழுக்கக் குழாய்கள் கெட்டு, அழுத்தம் ஏறுகிறது. பிள்ளைகளே, உங்கள் புது இயந்திரம் அளப்பது அந்தக் கூச்சலைத்தான். நாங்கள் கலவரம் முற்றி, ரத்தம் சிந்திய பிறகு பார்த்தோம். நீங்கள் கூச்சலிலேயே பிடித்துவிடலாம். கொடுத்துவைத்தவர்கள்.

மாரீஸ்வரிக்குத் தினமும் ரத்தம் எடுத்தேன். பிளேட்லெட் முதலில் இன்னும் இறங்கி எங்களைப் பதறவைத்தது, பிறகு நின்றது, பிறகு ஏறியது. நஞ்சுக்கொடியின் தகடு தயாரான அன்று காலை அவளுடைய சீரத்தைச் சுழற்றி எடுத்தேன். டாக்டரிடம் நீட்டினேன். அவர் அதை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார். வார்டுக்கு எப்போதும் போகாதவர், அன்று போனார். நானும் பின்னால் போனேன். செல்லையாவும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டார்.

மாரீஸ்வரி மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, வேறு பெண் போல இருந்தாள். டாக்டரைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"நான் கொழுந்துக் கூடைய ரொம்பச் சொமந்துட்டேனா டாக்டர்? அதனாலதான் இப்படி ஆச்சா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

"இல்லை. உன் நஞ்சுக்கொடியை நான் கண்ணால பார்த்தாச்சு. இது நீ கூடை சுமந்து வந்ததில்லை, சுக்கு குடிச்சு வந்ததுமில்லை. கர்ப்பம் வெளியே தெரியறதுக்கு முன்னாடியே உள்ளே ஆரம்பிச்சுடுத்து. நீ பண்ணினது ஒண்ணும் இல்லை. அடுத்த தடவை முதல்லேர்ந்தே நாங்க பார்த்துப்போம். சொல்றவாளை எங்கிட்ட அனுப்பு."

மாரீஸ்வரி குழந்தையின் துணியை இழுத்துப் போர்த்திவிட்டாள். வள்ளியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் குழாயை அவள் முன்னால் நீட்டினார்.

"இது இன்னிக்கு எடுத்த ரத்தம். பாரு."

வைக்கோல் நிறத்தில், கண்ணாடிபோலத் தெளிவாக நின்றது சீரம். மாரீஸ்வரி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்ன டாக்டர் இருக்கு?"

"ஒண்ணும் இல்லை."

அவள் டாக்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலில் நின்ற செல்லையாவைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லாததக் காட்டவா மூணு பேரு வந்தீய?" என்று சொல்லிவிட்டு, குழாயை என்னிடம் திருப்பிக் கொடுத்து, அழ ஆரம்பித்த குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள்.